புளி இல்லாத மாதங்கள்

ஆவணியில் புளி வராது.
மாங்கூழ் ஆலையும் கொதிகலனை அணைத்துவிட்டது.
காவேரிப்பட்டணம் சேலம் ரோட்டில்
பழைய மாம்பழ மண்டியின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டு
நாலு பேர் உள்ளே வருகிறார்கள்:
கெம்பம்மா, சாக்கம்மாள், முனிரத்னா,
கைக்குழந்தையோடு லகுமி.
தை தொடங்கிச் சித்திரை முடிய
கிலோ கணக்குக்குப் புளி தட்டிய கைகள்.
நகக்கண்ணில் கறுப்பு இன்னும் போகவில்லை.

"என்ன கொட்டை இது?"

கொக்கோ.
பொள்ளாச்சிப் பக்கம் தென்னைக்கு நடுவில் காய்க்கிறது.
கிளை நுனி வரை போகப் பொறுமை இல்லாமல்
பலாவைப்போல அடிமரத்திலேயே காய்த்துவிடும்.
உடைத்தால் வெள்ளைச் சதை,
சீதாப்பழத்துக்குத் தூரத்துச் சொந்தம்.
கொட்டையைச் சதையோடு பெட்டியில் கொட்டி,
வாழையிலை மூடி, ஆறு நாள் அழுகவிடுவார்கள்.

"அழுகவா?"

புளிக்கவிடுவார்கள், என்று திருத்திக்கொண்டேன்.
புளிப்பு என்றதும்
சொந்த ஊர்ப் பேர் கேட்டதுபோல
நாலு பேரும் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள்.

நான் வறுத்துக் கொட்ட,
அவர்கள் ஓட்டை நொறுக்கி முறத்தில் புடைத்தார்கள்.
வாசம் ரோட்டைத் தாண்டி டீக்கடை வரை போய்
ஒரு லாரி டிரைவரைக் கூட்டிக்கொண்டு வந்தது.
எட்டிப் பார்த்தார். பிஸ்கட் இல்லை என்றதும் போய்விட்டார்.

கெம்பம்மா ஒரு பருப்பை வாயில் போட்டாள்.
துப்பவில்லை, விழுங்கவும் இல்லை.
"இந்தக் கசப்புக்கா காசு குடுக்கறாங்க?"

இதுவே காசாக இருந்தது என்றேன்.
கடலுக்கு அந்தப் பக்கம், மெக்சிகோவில்,
ஐந்நூறு வருசத்துக்கு முன்னால்
சந்தைக்குப் போகிறவள் இதை எண்ணி எடுத்துக்கொண்டு போனாள்.
பெரிய தக்காளி ஒன்றுக்கு ஒரு கொட்டை.
கள்ளக் காசும் உண்டு:
உள்ளே மண் அடைத்து ஒட்டிய வெறும் ஓடு.

சாக்கம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.
"ஓட்டோட எடை போட்டு வாங்கி
ஓட்டைக் கழிச்சுக் கூலி தர்ற நம்ம புளி மண்டிக்காரரு
அந்த ஊருதானோ?"

சர்க்கரை தெரியாத ஊர். பால் தெரியாது.
மிளகாய் போட்டு,
டீ மாஸ்டர் ஆற்றுகிற மாதிரி
உயரத்திலிருந்து ஊற்றி நுரை கட்டி
ராஜாக்கள் குடித்தார்கள்.
சாய்ந்த கல்லில், முழங்காலிட்டு
அரைத்தவள் என்ன குடித்தாள் என்று
லகுமி கேட்டாள்.
எனக்குத் தெரியவில்லை.

இங்கே அரைப்பது பர்கூர்க் கருங்கல்.
இட்லி மாவுக்கு முக்கால் மணி நேரம் சுற்றுகிற கிரைண்டர்
இதற்கு எழுபது மணி நேரம் சுற்ற வேண்டும்,
நாக்கு மணலை மறக்கும் வரை.

இரண்டாம் ராத்திரி, இரண்டு பத்துக்குக் கரண்ட் போனது.
கல் நின்ற சத்தத்தில்தான் விழித்தேன்.
முனிரத்னா கிரைண்டருக்குச் சூடு பிடிக்க
வெந்நீரில் நனைத்த துணியோடு ஓடி வர
"தண்ணி வேண்டாம்!" என்று கத்திவிட்டேன்.
ஒரு சொட்டு போதும்,
பட்டுப்போல ஓடுவது மண்ணாங்கட்டியாகிவிடும்.
அவள் துணியைக் கதவோரம் வைத்தாள்.
அதன் பிறகு பேசவில்லை.
வறுத்த அடுப்பின் தணலை அருகே இழுத்து
இருட்டில் ஆளுக்குக் கொஞ்சம்
கல்லைக் கையால் சுற்றினோம்.
நாலேகாலுக்கு டியூப் லைட் கண் சிமிட்டியபோது
எல்லார் முழங்கையும் கறுப்பு.
முனிரத்னா மட்டும் தன் முழங்கையை நக்கிப் பார்த்து,
"இப்பதான் சக்கரை ஏறியிருக்கு" என்றாள்.

கட்டி ஆனதும் பளபளத்தது.
உடைத்தால் டக் என்றது.
ஒரு கட்டி இருநூற்றிருபது ரூபாய்;
அவர்கள் கூலியை நான் சொல்லாமலே
நாலு பேரும் மனசுக்குள் போட்ட கணக்கு
எனக்கும் கேட்டது.

சனிக்கிழமை பணம் கொடுத்தேன்.
கெம்பம்மா நோட்டை மடித்து வைக்க முந்தியை அவிழ்த்தாள்.
உள்ளே நாலு சில்லறை,
கூடவே ஓடு பிரியாத ஒரு கொட்டை.
நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.
"ஒரு தக்காளிக்கு" என்று சொல்லி
இறுக்கி முடிந்துகொண்டு
ஷட்டருக்கு அடியில் குனிந்து போனாள்.