நாற்பது மில்லி செக்கன்

செத்த போட்டோக் கொப்பி மெஷினிலிருந்து
எட்டுப் பொத்தான் கழற்றினேன்.
பச்சை பெரிசு, எஞ்சினுக்கு.
சிவப்பு அதை நிறுத்த.
மையைக் கூட்டிக் குறைத்த அம்புக்குறி இரண்டும்
இறக்கை மடிப்புக்கு.
"தாள் இல்லை" எண்டு மின்னிய மஞ்சள் விளக்கு
எண்ணெய் குறைந்தால் மின்ன
ஒரு சொல்லும் பேசாமல் ஒத்துக்கொண்டது.
எட்டாவதுக்கு மட்டும் வேலை கிடைக்கவில்லை.
ஓட்டையைப் போட்டுவிட்டேன், கிடக்கட்டும் எண்டு விட்டேன்.

காத்தான்குடியில்
அரிசி மூட்டைக்கும் றுமைஸாவின் தையல் மெஷினுக்கும் இடையில்
கதிரை ஒன்று போகுமளவுக்கு விமானம்.

முதல் இரவு
வாவிக்கு மேலால் வந்தேன்.
கல்லடிப் பாலம் அந்த உலகத்தில் இல்லை.
எங்கள் ஒழுங்கை நிற்க வேண்டிய இடத்தில்
ஊசியிலைக் காடு.
எழுநூறு அடி. ஐந்நூறு.
சில்லை இறக்க மூன்றை அமுக்கினேன்.
இறங்கிற்று.
ஏறிற்று.
இறங்கி, ஏறி, ஏறினபடியே நின்றது.
மட்டக்களப்பு ஓடுபாதையில்
வயிற்றால் உரசிக்கொண்டு போனேன்.

"மறுகாவும் விழுந்திட்டா?"
நூலைப் பல்லால் கடித்துக்கொண்டு கேட்டாள்.

விரல் ஒருக்காத்தான் சொன்னது.
உள்ளே தகடு தகட்டில் பட்டு
துள்ளி, பட்டு, துள்ளி
ஆறு தரம் சொல்லியிருக்கிறது.
கணினி பாவம்,
ஆறையும் நம்பியிருக்கிறது.

சுபஹுக்குப் பாங்கு சொல்லும்வரை இருந்து எழுதினேன்:
மூன்று கீழே போனால்
உடனே நம்பாதே.
நாற்பது மில்லி செக்கன் பொறு.
திரும்பிப் பார்.
அப்பவும் கீழேதான் எண்டால்
சில்லை இறக்கு.
அது மேலே வரும்வரை
வேறொன்றும் கேளாதே.

தேத்தண்ணியோடு வந்தவள்
தோளுக்கு மேலால் வாசித்தாள்.
"எங்கட வாப்பாவுக்கு இதை ஆரும் எழுதிக் குடுக்கல்ல.
நான் ஓம் எண்டு வாய் மூட முதல்
மண்டபம் பேசிட்டார்."

சிரித்தாளா எண்டு
திரும்பிப் பார்க்கத் துணியவில்லை.

அதுக்குப் பிறகு சில்லு இறங்கினால் இறங்கினதுதான்.
ஆனாலும் எதுக்கும் இருக்கட்டுமெண்டு
ஒவ்வொரு அமுக்கலையும் நேரத்தோடு
ஒரு கோப்பில் குறித்துவைக்கச் சொன்னேன்.
இரண்டு கிழமை திறந்து பார்க்கவில்லை.
பார்த்த அன்று:

பகல் 3.12. பொத்தான் ஒன்று, எஞ்சின்.
3.31. பொத்தான் மூன்று, சில்லு கீழே. ஒருக்கா.
3.34. பொத்தான் இரண்டு, நிறுத்தம்.

மூன்று மணிக்கு நான் கடையில்,
யாரோ ஒருவரின் காணி உறுதியைப் பதினொரு பிரதி
எடுத்துக்கொண்டிருப்பேன்.

செவ்வாய், புதன், வியாழன்.
வயிற்றால் உரசினதாக ஒரு நாளும் இல்லை.
கால் மிதியடியில் நீல நூல்.
எனக்கு எப்போதும் வழுக்கி
ஓடுபாதையை விட்டு வெளியே கொண்டுபோகிற மிதியடி;
பதினாறு வருசமாகத் தையல் மெஷின் மிதித்த கால்
அதை எப்படிப் பிடித்திருக்கும்.

வியாழக்கிழமை எட்டை
ஒன்பது தரம் அமுக்கியிருக்கிறாள்.
வேலை இல்லை, வேலை இல்லை எண்டு
ஒன்பது வரி.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
இரவு, யாருடையவோ சேர்ட்டுக்குப் பொத்தான் வைத்துக்கொண்டு
நிமிராமலே சொன்னாள்:
"அந்தக் கடைசிப் பொத்தான் சும்மாதானே கிடக்கு.
கண்ணாடி துடைக்கிறதுக்குப் போடுங்க.
மாரி துவங்கிட்டு.
நேத்து ஏறாவூருக்கு மேலால வரக்குள்ள
ஒண்டும் தெரியல்ல."