சான்றுப்பொருள்

ஸ்ப்ரிங்போக் காவல் நிலையம். ஏப்ரல்.
ஒன்பது அட்டைப்பெட்டிகள்:
காலணிப் பெட்டி, பால்மாவுப் பெட்டி,
சிரிக்கும் குழந்தைப் படத்தோடு ஒரு டயாப்பர் பெட்டி.
பழைய செய்தித்தாளில் சுற்றி உள்ளே
இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு கூழாங்கற்கள்.
கல் இல்லை, செடி என்றார் சார்ஜென்ட்.
அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

மூன்று இரவு எண்ணினேன்.
பட்டாணி அளவு. நடுவில் ஒரு கீறல்,
பேச மறுக்கிற வாய் மாதிரி.
கோடை முழுக்கப் போன வருடத்துத் தோலுக்குள்
காகிதமாய்க் கிடக்கும்.
முதல் மழை வாசம் பட்டதும் கிழித்துக்கொண்டு வரும்.
இங்கே மழை இல்லை.
கூரை விசிறி, டீசல் வாடை, என் தும்மல்.

எடுத்தவன் ஃப்ளோரிஸ் டோம்ரோக்.
செம்புச் சுரங்கத்தை மூடியபின்
ஆடும் இல்லை, வேலையும் இல்லை.
ஒன்றுக்கு எட்டு ராண்ட்.
வாங்குகிறவன் முகம் தெரியாது.
கைபேசியில் ஒரு படம் மட்டும் வந்தது:
இதுபோல் இருந்தால் எடு.
என் தம்பியோடு பள்ளியில் படித்தவன்.
அதை நான் எங்கும் எழுதவில்லை.

நான்காம் இரவு பதினொன்றரைக்கு
ஒரு வாசனை.
தரை துடைக்கும் திரவம் என்று நினைத்தேன்.
லாக்கப்பிலிருந்து குரல்:
"ஏழாவது பெட்டி.
அது ராத்திரியில பூக்கிற சாதி."

திறந்தேன்.
பங்குச்சந்தைப் பக்கத்தை முட்டித் துளைத்து
வைக்கோல் நிறத்தில் இழை இழையாய்.
பிடுங்கி ஆறு வாரம்,
ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டவில்லை.
தன்னையே குடித்துப் பூத்திருக்கிறது.

எந்தப் பாறை என்று கேட்டேன்.
கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்:
"வெள்ளைக்கல் சரிவு, தெற்கு முகம்.
உடைஞ்ச காற்றாலைக்கு மேல மூணாவது வெடிப்பு.
பக்கத்துல சின்னது ரெண்டு.
அதுங்கள விட்டுட்டேன்."

எது எந்த வெடிப்பில் இருந்தது என்று
உலகத்தில் இவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
திங்கள்கிழமை நீதிமன்றம்.

ஓரத்தில் எழுத ஆரம்பித்தேன்,
அவன் சொல்லச் சொல்ல.
நாற்பத்திரண்டாவதில் பேனா தீர்ந்தது.
பென்சில் தேடப் போனபோது பார்த்தேன்,
ஜன்னல் கண்ணாடியில் ஓர் அந்துப்பூச்சி
மோதி, விழுந்து, மறுபடி மோதி.

சான்று அறை ஜன்னலைத் திறக்கக் கூடாது.
விதி சுவரிலேயே ஒட்டியிருக்கிறது.

"விடியறதுக்குள்ள மூடிடும்" என்றான் ஃப்ளோரிஸ்,
என்னிடமா, பூச்சியிடமா.

கொக்கி துருப்பிடித்திருந்தது.
இரண்டு கையாலும் இழுத்தேன்.