பென்சில் அழுத்தம்

அந்த நாட்டின் பெயரைச் சொல்லமாட்டேன்.
பல்லார்ட் எஸ்டேட், இரண்டாம் மாடி,
வேலைக்குச் சேர்ந்த அன்றே
வாய் திறப்பதில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள்.
இப்போது கம்பெனி இல்லை. வாங்கியவரும் இல்லை.
என் கையெழுத்து மட்டும்
ஏதோ ஒரு தகரப் பெட்டியில் விழித்திருக்கும்.

ஐம்பத்தேழாம் வருடம். மாட்டுங்காவில் ரயிலேறி
விக்டோரியா டெர்மினஸ், அப்புறம் நடை.
நிமிடத்துக்கு நூற்றிருபது வார்த்தை எடுப்பேன்.
சுருக்கெழுத்தில் கடலின் க-வுக்கு மெல்லிய கோடு;
அதையே அழுத்திப் போட்டால் கங்கையின் க.
தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து.
நாக்குக்குத் தெரியும் வித்தியாசம்
என் கைக்கு வர ஆறு மாதம் ஆயிற்று.

அதற்குள் ஒரு தப்பு நடந்துவிட்டது.
ஹெஸ்கெத் துரை ஜன்னலோரம் நின்று சொல்கிறார்:
இந்த முனை முதல் அந்த முனை வரை
கோஸ்ட் முழுவதும் எங்கள் பாதுகாப்பில்.
அவர் சொன்னது கரை. அதற்கு மெல்லிய கோடு.
நான் அழுத்திவிட்டேன்.
தட்டச்சில் பேய் என்று வந்தது.
மூன்றாம் நாள் நகலைப் பார்த்து
எனக்கு வயிறு கலங்கியது. கடிதம் கப்பலேறியிருந்தது.
மன்னர் முத்திரையோடு பதில் வந்தது:
எல்லாம் சம்மதம்.
பேய் அன்றிலிருந்து பாதுகாப்பில் இருக்கிறது.

மாலையில் சர்ச்கேட் பக்கம், அமெரிக்கர் ஆபீஸ்.
பக்கத்துக்கு எட்டணா, குளிர்ந்த அறை, காப்பி உண்டு.
அதே மன்னர், அதே ‘மேன்மை தங்கிய’.
காலையில் ஆளுக்குப் பாதி லாபம் என்பது பேராசை,
மாலையில் அதுதான் நியாயம்.
எண்ணெய் என்ற சொல்லை
இரண்டு அறையிலும் யாரும் உச்சரித்ததில்லை.
நலன்கள் என்பார்கள்.
ரயிலில் ஒருவர் அடிக்கடி எதிரே உட்காருவார்,
டிராக்டர் படம் போட்ட மாஸ்கோ காலண்டர் இலவசமாய்த் தருவார்,
எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்று மட்டும் கேட்பார்.
காலண்டரை வாங்கிக்கொண்டு
ஒரு பள்ளிக்கூடத்தில் என்பேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை அங்கே
படுக்கும்போது அண்ணன் மன்னர், விடிந்தால் தம்பி மன்னர்.
காலையில் ஒரு வாழ்த்துக் கடிதம் அடித்தேன்,
மாலையில் ஒன்று.
ஹெஸ்கெத் துரை அன்று நகம் கடித்தார்;
அமெரிக்கர் சிகரெட்டை மறந்து விரல் சுட்டுக்கொண்டார்.
யார் வேலை இது? கேட்க நா எழுந்தது,
கையெழுத்து ஞாபகம் வந்தது.

அறுபதில் பிச்சைமுத்து திரும்பி வந்தான்.
தாராவிக்காரன், அங்கே பைப் ஃபிட்டர்.
வேலைநிறுத்தம் என்று கப்பலில் ஏற்றிவிட்டார்கள்.
கையில் சிவப்பு ரூபாய்கள்,
நம் சிங்கமே நிற்கும், நம் மளிகைக்கடையில் செல்லாது.
மூன்று மாதச் சம்பளம் பாக்கி அக்கா,
ராஜாவுக்கு ஒரு மனு அடித்துக் கொடுங்கள்.

எனக்குப் பதினான்காம் ஷரத்து தெரியும்.
தொழிலாளர் கோரிக்கை எதற்கும் எவரும் பொறுப்பல்ல.
காலையில் அடித்திருக்கிறேன், மாலையிலும் அடித்திருக்கிறேன்.
மற்ற எல்லாவற்றிலும் அடித்துக்கொண்டவர்கள்
அந்த ஒன்றில்
காற்புள்ளி பிசகாமல் ஒத்துப்போயிருந்தார்கள்.
அவனிடம் சொல்லவில்லை. மனுவை அடித்தேன்.

கார்பன் தாள் மிச்சம் பிடிப்பது என் வழக்கம்;
வாழ்த்து இரண்டுக்கும் வைத்த அதே தாள்தான் மனுவுக்கும்.
அன்றிரவு அதை விளக்கில் பிடித்துப் பார்த்தேன்.
‘மேன்மை தங்கிய’ மட்டும்
மூன்று தரம் ஒரே இடத்தில் விழுந்து
பளிச்சென்று தெரிந்தது.
கீழே எழுத்தின்மேல் எழுத்து ஏறிக்கிடந்தது.
பிச்சைமுத்துவின் வரி எதுவென்று
கண்ணாடி போட்டும் தேடினேன்.

கூலி என்று ஒரு சிவப்பு நோட்டை நீட்டினான்.
வேண்டாம் என்று ஒரு தரம் சொன்னேன்.
அப்புறம் வாங்கிக்கொண்டேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.