கோட்டுக்கு வெளியே நாலு விரற்கடை

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.
கோட்டோரம் நின்றவன் நான்.
கையில் கொடி என்ற பெயரில்
சிவப்புத் துவாலையில் கிழித்த ஒரு துண்டு.

எழுபத்தாறு, ஐப்பசி.
சேரம்பாடிக்கு மேலே மூன்றாம் டிவிசன்.
லயத்துக்கும் கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கும் நடுவே
சரிவை வெட்டிச் சமமாக்கிய மைதானம்.
சுண்ணாம்புக் கோட்டை மழை குடித்துவிட்டதால்
அடுப்புச் சாம்பலில் போட்ட கோடு.
அந்தப் பக்கம் நெல்லியாளத்துப் பெண்கள்.
இந்தப் பக்கம் எங்கள் ஆட்கள்:
கப்பலில் வந்திறங்கி ஆறு வருஷம் ஆகியும்
ரேஷன் கடை வரிசையில்
இன்னும் ‘சிலோன்காரி’களாகவே இருந்தவர்கள்.

பதினாலுக்குப் பதிமூன்று.
பனி இறங்கிவிட்டது.
வலை தெரியவில்லை.
வலைக்கு மேலே பந்து மட்டும்
யாரோ தூக்கிப் போட்ட முட்டைக்கோஸ் மாதிரி
வந்து வந்து மறைந்தது.

ராஜகிளி எம்பினாள்.
அடித்தாள்.
நான் பார்த்தேன்:
சாம்பலைத் தாண்டி
நாலு விரற்கடை வெளியே
ஈர மண்ணில் வட்டமாய் ஒரு பள்ளம்.

பார்த்த இன்னொருத்தி புஷ்பராணி.
எடை குறைத்துப் போட்டால்
கணக்கரின் சட்டையைப் பிடிப்பவள்,
அரைக் கிலோ கூடுதலாய் விழுந்தாலும்
அதையும் சத்தமாய்ச் சொல்லித் தொலைப்பவள்.
வலையோரம் நின்றபடி
வலது கையைத் தலைக்கு மேல் தூக்கினாள்.
ஐந்து விரலும் விரிந்திருந்தன.
வெளியே போச்சு என்று சொல்லத்தான்.
வாயைக்கூடத் திறந்துவிட்டாள்.

சொல் வருவதற்குள்
ராஜகிளி ஓடி வந்து
அந்தக் கையில்
ஓங்கி ஓர் அறை.

பட்!

குடைக்கடியில் நின்ற ஹெட்கிளார்க்
பந்து உள்ளே விழுந்த சத்தம் என்று
விசில் ஊதினார்.

மலையே கத்தியது.
புஷ்பராணி தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.
கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த கை,
நடுவில் மட்டும் சிவந்திருந்தது.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.
பிறகு சிரித்துவிட்டாள்.
நான் கொடியைச் சுருட்டி
சட்டைப் பைக்குள் செருகினேன்.

திங்கட்கிழமை நிறுவைக் கொட்டகையில்
முப்பத்தெட்டுக் கிலோ எடுத்த சவரியம்மாள்
பின்னால் நின்றவளைப் பார்த்துக் கை தூக்கினாள்.
பட்.
புதன்கிழமை, பஸ்ஸைப் பிடித்துவிட்ட பள்ளிப் பிள்ளைகள்.
அப்புறம், ஆண் குழந்தையா பெண்ணா என்று கேட்காமலே
கம்பவுண்டரும் அப்பன்காரனும்
ஆஸ்பத்திரி வாசலில்.
போனஸ் சேதி வந்த சாயங்காலம்
லயம் லயமாய்ப் பட்டாசு,
ஒரு பைசா செலவில்லாமல்.

இரண்டு கை தட்டினால்தான் ஓசை என்பார்கள்.
இரண்டும் ஒரே உடம்பில் இருக்க வேண்டுமென்று
யார் சொன்னது?

எண்பத்தேழில் மன்றத்துக்கு டிவி வந்தது.
விக்கெட் விழுந்ததும்
வெள்ளைச் சட்டைக்காரர்கள் ஓடி வந்து
உயரே கை தூக்கித் தட்டிக்கொண்டார்கள்.
ராஜகிளி எழுந்து நின்றாள்:
“எங்க கைய இவனுங்க எப்பப் பாத்தானுங்க?”
யாரும் சிரிக்கவில்லை.
நியாயமான கேள்விதானே.

அதிலிருந்து வழக்கு வேறு மாதிரி ஆனது.
முதலில் செய்தவள் யார்,
தூக்கியவளா, அடித்தவளா?
“நான் அடிக்கலேன்னா அது சும்மா கை”
என்பாள் ராஜகிளி.
புஷ்பராணியைக் கேட்டால்
“தூக்கினேன்” என்பாள், அவ்வளவுதான்.
எதற்கு என்று
இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது நான் பஸ் ஸ்டாண்டு எதிரே
பெட்டிக்கடை வைத்திருக்கிறேன்.
நேற்று அதே மாதிரி பனி.
புஷ்பராணி வந்தாள்,
வெற்றிலை வாங்கினாள்,
மிச்சத்தில் இரண்டு ரூபாய் கூடுதல் என்று
எண்ணித் திருப்பி வைத்தாள்.
நாலு எட்டுப் போனவள் நின்று
திரும்பிக் கையை உயர்த்தினாள்.
கட்டைவிரல் மடங்கியிருந்தது.
நாலே நாலு விரல்.

கல்லாவை அப்படியே போட்டுவிட்டு
இறங்கி ஓடி
அடித்தேன்.