மீதி மூன்று ரூபாய்

புளியந்தீவு எக்சேஞ்சில் எனக்கு இரண்டாவது பலகை.
நாற்பது துளை, பன்னிரண்டு கயிறு.
எழுபத்தெட்டாம் ஆண்டு
என் காதுக்குள்ளால்தான் போனது,
மூன்று மூன்று நிமிஷமாக.

தை மாசம் முழுக்க அரிசிக் கூப்பன்.
எந்தக் கோலை எடுத்தாலும்
"எங்கட வீட்டுக்கு வெட்டிற்றானுகளா?"
சித்திரைக்குப் பிறகு ஜப்பான் ரேடியோ.
முதலாளிமார் புறக்கோட்டையோடு விலை பேசின விதம்
கலியாணம் பேசின மாதிரி.
ஒட்டுக் கேட்கவில்லை நான்.
கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறவளுக்குக்
காது எங்கே போகும்?

செத்தெம்பர் ஏழு, வியாழன்.
காலையில் கச்சேரிக்கு:
புதிய யாப்பு வந்துவிட்டது, கொடி ஏற்று,
கடிதத் தலைப்பை மாற்று,
நாட்டின் பேர் இனிமேல் நீளம்.
மறுகா அதே கச்சேரிக்கு:
இரத்மலானையில் நின்ற விமானம் வெடித்தது,
றோட்டில் ஆள் கூடினால் அறிவி.
இரண்டுக்கும் ஒரே கயிறுதான் குத்தினேன்.
சுப்பர்வைசர் ஓக்கர்ஸ் ரிக்கெற்றுகளைத் திருப்பிப் பார்த்து
"இரண்டும் அரச அவசரம், காசில்லை" என்றார்.

நவம்பர் பதினாறு, அதுவும் வியாழன்.
விடியமுன்னமே காத்தான்குடி விழித்திருந்தது.
கட்டுநாயக்காவில் ஹஜ் விமானம் விழுந்ததாம்.
மீராலெப்பையின் மகள் சுபைதா
கோல் கிடைக்குமட்டும் ஓதிக்கொண்டேயிருந்தா.
விழுந்தது இந்தோனேசியாக்காரர் வந்தது என்று
கொழும்புப் பலகையில் சீலாவதி சொன்னாள்.
அல்ஹம்துலில்லாஹ் என்று தொடங்கின வாய்
நடுவில் நின்றது.
பிறகு மெல்ல,
"எத்தினை பேர், தங்கச்சி?"

அடுத்த வியாழன்.
காற்றை ஒருவரும் புக் பண்ணவில்லை.
நாலு ஐம்பதுக்குக் கல்லடித் தபால் கந்தோரிலிருந்து
கண்ணமுத்து என்றொருவர், மகரகம ஆஸ்பத்திரிக்கு,
பொஞ்சாதியோடு கதைக்க.
நாலரை ரூபாய், முன்காசு.
"நெத்தலி காயப்போட்டு எடுத்திற்றன்.
வானம் ஒரு மாதிரிக் கிடக்கு.
நீ சோறு திண்டயாகா?
கேக்குதா? சோறு..."

ஒரு நிமிஷம்.
பலகையில் எல்லா விளக்கும் ஒருமிக்க எரிந்தது,
ஊரே என்னைக் கூப்பிட்டது போல.
மறுகா ஒன்றுமில்லை.

அந்த இரவை நான் எழுதப்போவதில்லை.
மேசைக்குக் கீழே ஓக்கர்ஸும் நானும் பியோன் சிவலையும்.
கூரை போன பிறகு மழைதான் எங்களோடு இருந்தது.
விடிந்தபோது வாவி றோட்டில் கிடந்தது,
தென்னைகள் ஒரே பக்கம் தலைவைத்துக் கிடந்தன,
நவற்குடாவிலிருந்து பார்த்தால்
இதுவரை தெரியாத ஊரெல்லாம் தெரிந்தது.

மார்கழியில் ஒரு நாள் கயிறு கரகரத்தது.
"மடக்களப்புவ? மடக்களப்புவ?"
"ஓம்" என்றேன், சிங்களத்தில் சொல்ல மறந்து.
சீலாவதி மூக்கை உறிஞ்சினாள்.
பிறகு வேலைக் குரலில்,
நூற்றெட்டுக் கோல் நிலுவை, எழுதிக்கொள் என்றாள்.
அறுபத்தோராவது மகரகமவிலிருந்து,
பேச வேண்டாமாம், செய்தி மட்டும்:
"திண்டன்."

கண்ணமுத்துவுக்குக் கடிதம் போட்டேன்,
செய்தியும் எழுதி, மீதிக் காசுக்கு வரச்சொல்லி.
திரும்பி வந்த உறையில்
தபால்காரர் பென்சிலால் எழுதியிருந்தார்:
வீடு இல்லை.
ஆள் இல்லை என்று எழுதவில்லை.
அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநாள் இருந்தேன்.

வருஷக் கடைசிப் பேப்பரில் இரண்டு பத்தி,
இவ்வாண்டின் முக்கிய நிகழ்வுகள்.
யாப்பு முதலில். விமானங்கள் நடுவில்.
கிழக்கில் சூறாவளி, பதினோராவது வரி,
விளையாட்டுச் செய்திக்கு ஒரு வரி மேலே.

தையில் கணக்காய்வாளர் வந்தார்.
ரிக்கெற் ஆயிரத்து நூற்றி நாற்பத்தேழு,
இணைத்தது ஒரு நிமிஷம், மீதி மூன்று ரூபாய்
லாச்சிக்குள் ஏன் கிடக்குது?
உரிமை கோராப் பணம் என்று ஓக்கர்ஸ் எழுதினார்.
பற்றுச்சீட்டு கொழும்பிலிருந்து வந்தது,
மை காயாத புதிய தலைப்போடு:
இலங்கைச் சனநாயக சோசலிசக் குடியரசு
நன்றியுடன் பெற்றுக்கொண்டது
ரூபாய் மூன்று, சதம் இல்லை.