மணிக்கட்டு, பக்கவாட்டுத் தோற்றம்

தொண்டிமலை எஸ்டேட்டில் மிச்சமிருப்பது
மூன்று குழி, ஒரு கொடிக்கம்பம்,
ஆஸ்பத்திரி ஸ்டோரில் ஊன்றுகோல்களோடு சாய்ந்திருந்த
ஏழாம் நம்பர் இரும்பு.
கேட்பாரில்லை. நான் எடுத்துக்கொண்டேன்.

கொடி வடக்கே.
இடப்பக்கம் ஏலத்தோட்டம், கேரளம்.
வலப்பக்கம் மலை முடிந்து
கொஞ்ச தூரம் வெறும் காற்று,
அப்புறம் ஆழத்தில் போடியின் விளக்குகள்.
என் பந்துகள் கிளம்பும்போதே விலகி
ஏதோ ஞாபகம் வந்ததுபோல்
இன்னும் வலப்பக்கம் திரும்பிவிடும்.
செக்போஸ்ட் ஜிஜோமோன் கணக்கு வைத்திருக்கிறான்.
"சேச்சி, இன்னைக்குப் பதினொண்ணு.
எல்லாம் வரி கட்டாத கடத்தல்."

ஃபோனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்துப் படமெடுத்தேன்.
மெதுவாக ஓட்டிப் பார்த்தால்
பந்தைத் தொடும் நொடியில் இரும்பின் முகம்
கொடியைப் பார்க்கவில்லை.
நம்மிடம் பேசிக்கொண்டே
தெருவில் போகிறவரைப் பார்ப்பார்களே, அப்படி.
தோளை மாற்றினேன். பந்தை ஒரு சாண் பின்னே வைத்தேன்.
கோபத்தில் இறுக்கிப் பிடித்தேன்.
இன்னும் மோசம்.

பகலில் எனக்கு எக்ஸ்ரே வேலை.
செவ்வாய்க்கிழமை தனபாக்கியம் வந்தாள்,
ஆறாம் நம்பர் காட்டில் வழுக்கிக் கையூன்றி விழுந்து.
மணிக்கட்டு முள்கரண்டிபோல் பின்னால் வளைந்திருந்தது.
பக்கவாட்டில் ஒரு படம் எடுத்தேன்.
திரையில் பார்த்ததும் தெரிந்துவிட்டது:
ஓங்கிய உச்சியில் என் இடக்கையும் இதே வளைவு,
ஒடியாமலேயே.

டாக்டர் எலும்பைச் சேர்த்து
உள்ளங்கைப் பக்கம் கொஞ்சம் மடக்கி
சுண்டுவிரல் பக்கம் கொஞ்சம் சாய்த்து
மாவுக்கட்டுப் போட்டார்.
காயும்வரை பிடித்துக்கொண்டு நின்றது நான்.
பார்த்தது அந்தக் கோணத்தை மட்டும்.
அவள் முனகியது பிறகுதான் காதில் விழுந்தது.

சாயங்காலம்
நாக்கை அழுத்திப் பார்க்கும் மரப்பட்டை ஒன்றை
இடது புறங்கையில் வைத்துப் பேண்டேஜ் சுற்றினேன்.
பின்னால் வளைந்தால் குத்தும்.
முதல் பந்து ஏலக்காட்டுக்குள்.
இரண்டாவதும்.
மூன்று வாரமாகக் கேரளத்துக்கு
ஒன்றுகூடக் கொடுக்காதவள்.
ஜிஜோமோன் எழுந்து நின்று கைதட்டினான்.
பாதி வீச்சாகக் குறைத்தேன்.
இடுப்பு முதலில், கை அதன் பிறகு.
ஏழாவதோ எட்டாவதோ
பட்டதே தெரியாமல் பட்டது.
கொடிக்குப் பத்தடி தள்ளி விழுந்தது,
வலப்பக்கம்தான்.
ஆனாலும் புல்லில்.

மறுநாள் கட்டைக் காட்ட வந்த தனபாக்கியம்
என் கையைப் பார்த்தாள்.
"ஒனக்கும் ஒடிஞ்சிருச்சா?"
"இல்லக்கா, பந்து வலப்பக்கமாவே போகுது."
"அங்க என்ன இருக்கு?"
"போடி."
கட்டில்லாத கையால் வாயை மூடிச் சிரித்தாள்.
"எங்கம்மா ஊரு. போனாப் போகட்டும், விடு."

பிறகு, கொழுந்து கிள்ள எத்தனை நாளாகும் என்றாள்.
ஆறு வாரம் என்றேன்.
அதுவரை பாதிக் கூலியா, அதுவும் கிடையாதா,
கேட்டுவா என்று
என்னை ஆபீசுக்கு அனுப்பினாள்.