நடு

எஸ்.பி. ரோட்டில் பேரம் பேசி
ஆயிரத்து நூறுக்கு வாங்கிய பழைய ஹெட்போன்.
காதுமெத்தை கிழிந்து, டேப் சுற்றியிருந்தது.
முதல் நாள் யாருடைய தலையெண்ணெய் வாசனையோ
என்னோடு உட்கார்ந்து பாட்டுக் கேட்டது.

பீன்யா இரண்டாவது ஸ்டேஜ். மாடியில் தகரக் கூரை அறை.
மழை வந்தால் பதிவு கிடையாது.
கீழ்வீட்டு மோட்டார் ஓடினால் கிடையாது.
மடக்குக் கட்டிலை நிமிர்த்தி, இரண்டு கம்பளி தொங்கவிட்டால்
உள்ளே தயாமணி நின்று பாடலாம்.
நாலு வரி முடிவதற்குள் நனைந்து வெளியே வருவாள்.
"இட்லிப் பானைக்குள்ள நிக்கிற மாதிரி இருக்குடி."

முதல் மாதம் எல்லாவற்றையும் ஏற்றினேன்.
குரல் கேட்கவில்லையா, குரலை ஏற்று.
தபேலா அமுங்குகிறதா, அதையும் ஏற்று.
கீபோர்டு மட்டும் என்ன பாவம் செய்தது.
சம்பள நாளில் எங்கள் லைன் பெண்கள்
ஒரே நேரத்தில் பேசுவதுபோல் ஆனது பாட்டு.
சிவப்பு விளக்கு அணையவே இல்லை.

பிறகு ஓர் இரவு, தற்செயலாக,
கீபோர்டில் முந்நூறு ஹெர்ட்ஸ் பக்கம் லேசாகக் குழி பறித்தேன்.
தயாமணி அதில் இறங்கி நின்றுகொண்டாள்.
அவள் குரலை நான் தொடவே இல்லை.
எழுப்பிச் சொன்னேன். "காலைல சொல்லு" என்று திரும்பிப் படுத்தாள்.

குரல் நடுவில் இருக்கவேண்டும்.
இதைச் சொல்லாத பாடமே இல்லை.
குமிழை நடுவில் வைத்தால் என் குரல்காரி
வலப்பக்கம் நகர்ந்துபோனாள்.
இடப்பக்கம் பதினெட்டு திருப்பியதும் வந்து நின்றாள்,
இரண்டு புருவத்துக்கும் மத்தியில், பொட்டு வைத்தமாதிரி.
கண்ணை நம்பாதே, காதை நம்பு.
அதுவும் பாடத்தில் இருந்தது.

பக்கத்து அறை நாகேஷின் டாக்சியில் போட்டுக் கேட்டோம்.
ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் யோசித்தார்.
"ஏன்மா, பாடுறவங்க பேசஞ்சர் சீட்ல உக்காந்திருக்காங்க?"

ஹெட்போன் கோளாறு.
ஆயிரத்து நூறுக்கு வேறென்ன கிடைக்கும்?
இடம் வலமாக மாற்றி மாட்டிக்கொண்டேன்.
கோளாறு ஹெட்போனில் என்றால்
குரலும் பக்கம் மாறியிருக்க வேண்டும்.
மாறவில்லை.
கழற்றி வைத்துவிட்டு
காதோரம் இரண்டு விரலை உரசிப் பார்த்தேன்.
இந்தப் பக்கம். அந்தப் பக்கம்.
மறுபடி இந்தப் பக்கம்.

பிரஸ் மெஷின் எனக்கு இடப்பக்கம்.
நாலு வருஷம். நிமிடத்துக்கு முப்பது அடி.
வலது காதில் இயர்போன், வயர் கூந்தலுக்குள்,
எப்போதும் ஏதோ ஒரு பாட்டு ஓடும்.
சூப்பர்வைசர் கூப்பிட்டால் கேட்கவேண்டுமே என்று
இடது காதைத் திறந்து வைத்திருந்தேன்.

ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்தார்கள்.
பீப் கேட்டால் பொத்தானை அழுத்தணும்.
அவ்வளவு அமைதியான அறையை நான் பார்த்ததில்லை.
தயாமணியை இங்கே பாடவைத்தால்,
ஃபேன் சத்தம்கூட இல்லையே என்று
நினைத்துக்கொண்டே இரண்டு பீப்பைத் தவறவிட்டேன்.

காகிதத்தில் கோடு நேராகப் போய்
நாலாயிரம் ஹெர்ட்ஸில் பள்ளத்தில் விழுந்தது.
டாக்டர் விளக்க ஆரம்பித்தார். எனக்குப் படிக்கத் தெரியும் அது.
நான் பறிக்கிற குழி மாதிரியேதான்,
அகலம் குறைவு, ஆழம் அதிகம்.
யாரோ இறங்கி நிற்க யாரோ விட்ட இடம்.

இப்போது குமிழைச் சுழியத்தில் வைக்கிறேன்.
எண்ணைப் பார்க்கிறேன், காதைக் கேட்பதில்லை.
அவள் வலப்பக்கம் போய் நிற்கிறாள். நிற்கட்டும்.
நாகேஷ் இந்தமுறை ஒன்றும் சொல்லவில்லை.
கண்ணாடியில் தொங்கும் எலுமிச்சம்பழத்தைக் காட்டினார்.
அங்கே இருந்தாளாம்.

திங்கட்கிழமை இரண்டு காதிலும் பஞ்சு.
சூப்பர்வைசர் மூன்று முறை கூப்பிட்டாராம்.